மருமவனே, டப்பாவைத் திறக்காத!

மருமவனே, படகுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறியாமே. கேள்விப்படாம எங்க போக? கடற்கரை முழுக்க உன் கலர் பஞ்சாயத்துதானே ஓடுது. மயில்நீலமா கிளிப்பச்சையா, அணியத்தில எந்த நடிகர் படம், அவர் கரையைப் பாக்கணுமா கடலைப் பாக்கணுமா... கலருக்கே இம்புட்டு ஞானம்னா பெயிண்டுக்கு எம்புட்டு இருக்கும்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன். ஜூலை 26, பனிமய மாதா கோயில் கொடியேத்தத்துக்குள்ள படகு பளபளன்னு நிக்கணும், சொந்தக்காரன் பூரா வயிறெரியணும். நல்ல பக்திதான்.

கலரைப் பத்தி நானும் ஒண்ணு சொல்லுவேன், கடைசியில. அதுக்கு முன்னால ஒரு கேள்வி. உன் படகுக்குப் பெயிண்ட் வேணுமா?

முறைக்காத. உள்ளங்கையை விலாவில அழுத்தித் தேய். கை வெள்ளையா வருதா? ஃபைபர் படகுக்கு மேல ஜெல்கோட்டுன்னு ஒரு தோல் உண்டு. தடிமன் அரை மில்லிமீட்டர் பக்கம். கண்ணாடி நாரும் ரெசினும் சேந்த உடம்புக்கு அதுதான் சட்டை. வருசக்கணக்கில வெயில் தின்னா மேல்பரப்பு பொடியா உதிரும். ஒரு சாண் இடத்தில ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேச்சுப் பாரு. பழைய பளபளப்பு எட்டிப் பாத்துச்சுன்னா பெயிண்டே வேண்டாம், காம்பவுண்டும் மெழுகும் போதும். ஆனா அதுக்குத் தோள் வலிக்கும். பெயிண்டுக்குப் பர்ஸ் மட்டும்தான் வலிக்கும், அதுவும் உங்க அப்பா பர்ஸ். அதனால நீ எதைத் தேர்ந்தெடுப்பேன்னு எனக்குத் தெரியும்.

சரி, தேச்சும் மங்கலாவே கிடக்கு, நார் கோடு கோடாத் தெரியுதுன்னா பெயிண்ட்தான். ஆனா அதுக்கு முன்னால படகோட ஜாதகத்தைப் பாக்கணும். உன்னோடது சுனாமிப் படகு. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கட்டுமரமும் வள்ளமும் பறிபோன கரையெல்லாம் ஃபைபர் படகா இறக்கினாங்க. பொறுமையா வார்த்ததும் உண்டு, அவசரத்தில வார்த்ததும் உண்டு. உன்னோடது எதுன்னு அதுகிட்டயே கேளு. ஒரு நாணயத்தை எடுத்து அணியத்தில இருந்து அமரம் வரைக்கும் தட்டிக்கிட்டே போ. 'டிக்'குன்னு கெட்டியாச் சத்தம் வந்தா நல்லது. ஒரு இடத்தில மட்டும் 'தொப்'புன்னு மந்தமா வந்தா, உள்ள அடுக்கு விட்டுப்போயிருக்கும். அங்க பெயிண்டரைக் கூப்பிடாத, ஃபைபர் வேலைக்காரனைக் கூப்பிடு.

மயிரிழை விரிசலைப் பெயிண்ட் மறைச்சிரும்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு வச்சிருக்க, முகத்திலயே தெரியுது. பளபளப்புப் பெயிண்ட் எதையும் மறைக்காது மருமவனே, ஊருக்கே எடுத்துக் காட்டும். விரிசலோட ஓரத்தைச் சீவி அகலமாக்கி, எப்பாக்ஸி பட்டி வச்சு அடை. உன் கூட்டாளி கார் ஒர்க்‌ஷாப்பில இருந்து ஒரு டப்பா பட்டி சும்மா கொண்டு வாறேன்னானாமே. காருக்கு அது நல்ல பட்டிதான். தண்ணிக்குக் கீழ வச்சா ஈரம் குடிச்சு உப்பி விழும். கார் எல்லாம் மீன் பிடிக்கப் போற காலம் வரட்டும், அப்ப வச்சுக்கலாம்.

உடனே உப்புத்தாளைத் தூக்கிட்டியா? உன் சுறுசுறுப்புக்குக் கண்ணு பட்டிரும். கீழ வை. முதல்ல கழுவு.

உன் படகு மேல என்னென்ன இருக்கு தெரியுமா? சாளை நெய், மண்ணெண்ணெய், இஞ்சின் ஆயில், உப்பு, போன திருவிழாவுக்குத் தேச்ச மெழுகு. அதோட உப்புத்தாளை வச்சுத் தேச்சா, எண்ணெய் போகாது, கீறலுக்குள்ள போய் உக்காந்துக்கும். அதுக்கு மேல அடிச்ச பெயிண்ட் வட்ட வட்டமாக் குழி விட்டு விலகி நிக்கும். நீ கடைக்காரனைத் திட்டுவ. குளிக்காமப் பவுடர் அடிச்ச மாப்பிள்ளை பவுடர் கம்பெனி மேல வழக்குப் போட்ட கதைதான்.

சோப்புப் போட்டு, நல்ல தண்ணியில உப்புப் போக அலசு. காஞ்ச பிறகு ஒரு கையில டின்னர்ல நனைச்ச பனியன் வேஸ்ட், மறு கையில காஞ்ச துணி. நனைச்சதால துடை, அது ஆவியாகிப் போறதுக்குள்ள காஞ்சதால ஒத்தி எடு. துணியை மாத்திக்கிட்டே இரு. சிக்கனம்னு ஒரே துணியால முழுப் படகையும் துடைச்சா, அணியத்து அழுக்கை அமரத்துக்கு மாற்றல் பண்ணினதாத்தான் கணக்கு. முடிச்சதும் ஒரு குவளைத் தண்ணியை விலாவில ஊத்து. மணி மணியாத் திரண்டு உருண்டா எண்ணெய் இன்னும் இருக்கு. ஒரே படலமா விரிஞ்சு இறங்கினாத்தான் சுத்தம். உருளுதா? மறுபடி கழுவு. எனக்கென்ன அவசரம்?

இப்ப எடு உப்புத்தாளை. பழைய பெயிண்ட் உரியுற இடத்துக்கும் பட்டி மேட்டுக்கும் 80 நம்பர், அப்புறம் 120, பிறகு 220. பளபளப்பு ஒரு விரல் இடத்தில கூட மிச்சம் இருக்கக் கூடாது. அங்கதான் பெயிண்ட் முதல்ல உரியும். முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போட்டுக்கோ. கண்ணாடி நார்த் தூள் பட்டா ராத்திரி முழுக்கச் சொறிஞ்சுக்கிட்டே கலரைப் பத்தி யோசிக்கலாம். நார் தெரியுற இடத்தில எப்பாக்ஸி பிரைமர் அடி. அது வெயில்ல பொடிஞ்சு போகும், அதனால மேல் பெயிண்ட் கட்டாயம்.

கடைக்காரன் மூணு வகை காட்டுவான். சாதா எனாமல். ஒரே டப்பாவில வர்ற பாலியூரித்தேன். ரெண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன். மூணாவதுல முகம் பாக்கலாம், வெயிலுக்கு அசையாது, விலை பல மடங்கு. நீ அதைத்தான் கேப்பேன்னு எனக்குத் தெரியும். கடைக்காரனுக்கும் தெரியும்.

படகுல ஏற்கெனவே இருக்கிற பெயிண்ட் என்னன்னு தெரியுமா? டின்னர்ல நனைச்ச துணியை அது மேல கொஞ்ச நேரம் ஒட்டி வை. இளகித் துணியில கலர் ஏறினா, அது ஒத்தை டப்பாச் சரக்கு. அதுக்கு மேல ரெட்டை டப்பா அடிச்சா, இதோட டின்னர் அதைக் கிளப்பிச் சுருட்டிப்போடும். அடிக்கணும்னா பழையதை முழுக்கச் சுரண்டணும். இன்னொண்ணு, அதுல கலக்குற ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. ஸ்பிரே பண்ணினா நெஞ்சுக்குள்ள போய் ஆஸ்துமாவைக் கொண்டு வரும். வெளியில இருந்து குழாய் வழியாக் காத்து வர்ற முகமூடி இல்லாம அந்த வேலையே கூடாது. நீ கைலி முனையை மூக்கில கட்டிக்கிட்டு நிக்கிற ஆளு. கலக்குற அளவும் டப்பாவில போட்டிருக்கிறபடிதான் இருக்கணும். குத்துமதிப்பெல்லாம் மீன் குழம்புக்கு.

நான் சொல்லுதேன் கேளு. தினமும் மணல்ல இழுபடுற படகு, அடிவயித்தைத் தானே தேச்சுக்கும். அதுக்குப் பணக்காரப் பெயிண்ட் அடிச்சா பளபளப்பு மணலுக்குத்தான் போகும். எனாமலோ ஒத்தை டப்பாப் பாலியூரித்தேனோ அடி. வருசத்துக்கு ஒருக்கா உரிஞ்ச இடத்தில நீயே பூசிக்கலாம். பாசியும் கொட்டலசும் பிடிக்காம இருக்கத் தாமிரம் கலந்த பெயிண்ட் துறைமுகத் தண்ணியிலயே கட்டிக் கிடக்கிற படகுக்கு. கரையேறுற படகுக்கு அது தண்டச் செலவு. தகரச் சேர்மம் போட்ட பழைய சரக்கு மலிவா இருக்குன்னு எவனாவது காதுல ஓதினா, ஓடி வந்திரு. அந்த நஞ்சால கடல் நத்தையில பொட்டைக்கு ஆண் உறுப்பு முளைச்சு, முட்டை விட முடியாமப் போச்சு. உலக நாடுகள் 2001-ல ஒப்பந்தம் போட்டு, 2008-ல அதை அமலுக்குக் கொண்டு வந்து தடுத்திருக்கு. சங்கு குளிச்சுப் பிழைச்ச ஊர்க்காரன் அதைத் தொடலாமா?

இனி அடிக்கிற நாள். ஜூலைக் கச்சான் காத்துல, நட்ட நடு மத்தியானம், திறந்த மணல்ல நின்னு அடி. சாயங்காலம் உனக்குப் படகு அளவுக்கு ஒரு உப்புத்தாள் கிடைக்கும். அது வேண்டாம்னா காத்து வர்ற பக்கம் ஓலைத் தட்டி கட்டு. விடிஞ்சு ஈரம் போனதும் ஆரம்பி, காத்து ஏறுறதுக்கு முன்னால முடி. சுடுற படகுல பெயிண்ட் பரவுறதுக்கு முன்னாலயே இழுத்துக்கும்.

வேலைக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தன் ரோலர்ல மெல்லிசா ஏத்திக்கிட்டே போகணும். மத்தவன் பின்னாலயே நல்ல பிரஷ்ஷோட நுனியால ஒரே ஒரு இழு. குமிழி உடைஞ்சு, ரோலர் தடம் படுத்திரும். அவ்வளவுதான். திரும்பி வந்து 'இங்க ஒரு கோடு இருக்கே'ன்னு மறுபடி பிரஷ்ஷை வச்ச, அந்தக் கோடு உன் பேரப்பிள்ளை வரைக்கும் இருக்கும். ரெண்டு மூணு மெல்லிய கோட்டிங், நடுவுல டப்பாவில சொன்ன இடைவெளி. ஒரே தடவையில கெட்டியா அப்பினா வழியும், மேல தோல் கட்டும், உள்ள காயாது.

கலருக்கு வருவோமா? கருத்த நிறம் வெயிலை வாங்கும். உள்ள வச்ச ஐஸ் உன்னைச் சபிக்கும். அதை விடு. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீன்பிடிப் படகு எந்த மாநிலத்துதுன்னு தூரத்திலயே தெரியணும்னு அரசாங்கமே நிறம் வகுத்து வச்சிருக்கு. பதிவு எண்ணும் தெளிவா எழுதியிருக்கணும். மீன்வளத்துறை ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுட்டு அடி. இத்தனை நாள் பஞ்சாயத்து பண்ணின கலரை, உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே முடிவு பண்ணிட்டாங்க பாரு.

உனக்குன்னு விட்டு வச்சிருக்கிறது கழுவுறதும் தேய்க்கிறதும்தான். பெயிண்ட் நிக்கிறதும் உரியுறதும் அதுலதான் இருக்கு. போ, முதல்ல ரெண்டு குடம் நல்ல தண்ணி தூக்கிட்டு வா.