செகண்ட் லைஃபில் சொந்த மனை

கேள்வி: ‘செகண்ட் லைஃப்’ மெய்நிகர் உலகில் மனை வாங்கி வீடு கட்ட ஆசை. புதியவனுக்கு என்ன சொல்வீர்கள்?

பதில்: தாராளமாகக் கட்டுங்கள்! ‘வீட்டைக் கட்டிப் பார்’ என்ற சொல் அங்கேயும் செல்லும். 2003-இல் லிண்டன் லேப் நிறுவனம் திறந்த அந்த உலகில் ஒரு வட்டாரம் 256-க்கு 256 மீட்டர். அந்த உலகின் நாணயமான லிண்டன் டாலர் கொடுத்து அதில் ஒரு துண்டு வாங்கலாம். ஆனால் நிலம் பெருகப் பெருக மாதக் கட்டணமும் ஏறும். மனையில் வைக்கும் பொருட்களுக்கும் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு முழுவதையும் சுவருக்கே செலவழித்தால் சோபாவுக்கு இடமிருக்காது!

கட்டுமானம்தான் பேரின்பம். கட்டத் தொடங்கினால் அரை மீட்டர் ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்று முன்னால் வந்து நிற்கும்; இழுத்தால் சுவர், படுக்கவைத்தால் தரை. கூரையை மட்டும் உயரமாக வையுங்கள். கேமரா உங்கள் உருவத்தின் தலைக்குப் பின்னால் மேலே நிற்கிறது; கூரை தாழ்ந்தால் பார்வை மறையும். பொது ‘சாண்ட்பாக்ஸ்’ திடல்களில் இலவசமாகக் கட்டிப் பழகிவிட்டு மனை வாங்குங்கள்.