ஓசூர் விமான நிலையத்தில் பாய் விரிக்க அனுமதி கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: ஒரு சி.என்.சி. ஆபரேட்டர், மத்திகிரி, ஓசூர்.

பெறுநர்: உயர்திரு இயக்குநர் அவர்கள், ஓசூர் பன்னாட்டு விமான நிலையம் (இனிமேல்தான் கட்ட வேண்டும்).

பொருள்: ஊரிலிருந்து வரும் குடும்பம் படுக்க இடம் – முன்கூட்டியே ஒதுக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 27.06.2024 அன்று சட்டப்பேரவையில் முதல்வர் விதி 110-ன் கீழ் வெளியிட்ட அறிவிப்பு.

ஐயா அல்லது அம்மா,

தங்கள் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன். உட்கார்ந்திருப்பவர்களுக்கு எழுதினால், மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வருகிறது. அந்த உரிய துறை எது என்று கேட்டு எழுதினால் அதுவும் உரிய துறைக்குப் போய்விடுகிறது. தாங்கள் இன்னும் நியமிக்கப்படாததால் என் மனுவைத் தள்ளிவிட வழியில்லை.

பார்வையில் கண்ட அறிவிப்பின்படி தங்கள் நிலையம் 2,000 ஏக்கரில் வருகிறது. ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளப் போகிறது. வகுத்துப் பார்த்தேன், நாளைக்கு 80,000 பேருக்கு மேல். இவர்களில் பாதிப் பேர் பெங்களூருவுக்குப் போய்விட்டாலும் மிச்சப் பாதி ராத்திரி எங்கே படுப்பார்கள் என்பதைப் பற்றி அறிவிப்பில் ஒரு வரி இல்லை. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. ஓசூரில் ஐந்து பேரைப் படுக்கவைக்கப் போய், நான் பட்ட பாட்டைத் தங்கள் கோப்பில் வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

எங்களுக்குச் சங்கரன்கோவில் பக்கம். தங்கச்சி இங்கே செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. 'அவ வரலைன்னா என்ன, நாம போவோம்' என்று அப்பா, அம்மா, ஆச்சி மூவரும் முறுக்குத் தூக்குவாளியோடு பஸ் ஏறிவிட்டார்கள். ஆச்சிக்கு ஓசூர் என்றால் வெளிநாடு மாதிரி. வந்து இறங்கி, கடைப் பலகைகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் இருப்பதைப் பார்த்ததும் அது உறுதியாகிவிட்டது. வாடகையைக் கேட்டபோது எனக்கும் உறுதியானது.

என் அறைக்குக் கூட்டிப்போயிருக்கலாமே என்பீர்கள். அது ஷிப்ட் அறை. மூன்று கட்டில், ஆறு பேர். நான் எழுந்தால்தான் நைட் முடித்து வருகிறவன் படுக்க முடியும். எங்கள் தலையணைகள் ஆறிப் பார்த்ததே இல்லை. ஒசாகாவில் 1979-ல் ஆளுக்கொரு பெட்டியாக அடுக்கி முதல் கேப்சூல் ஓட்டலைத் திறந்தார்கள் என்று உலகமே வியக்கிறது. அங்கே ஒரு ராத்திரிக்கு ஒரு பெட்டியில் ஒரே ஆள்தான், இட விரயம்.

தங்கச்சி இருப்பது கம்பெனி விடுதி. அங்கே அம்மாவும் ஆச்சியும் வரவேற்பறை வரை போகலாம், அப்பாவுக்கும் எனக்கும் கேட் வரைதான். ராத்திரி தங்க யாருக்கும் அனுமதி இல்லை. பாதுகாப்பு விஷயம், குறை சொல்ல மாட்டேன். இதே மாதிரி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் ரூ. 706.50 கோடியில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைச் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நல்ல காரியம், இந்தக் கடிதத்தில் கிண்டல் இல்லாத ஒரே வரி இதுதான். ஆனால் 18,720 பெண்கள் என்றால் 37,440 அப்பா அம்மா. இந்தக் கணக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் வருவதில்லை. தொழிலாளிகள் பிறந்து வளர்ந்து வருவதில்லை, உதிரிப் பாகம் போல லாரியில் வந்து இறங்குகிறார்கள் என்று எண்ணம் போலிருக்கிறது.

ஆகவே லாட்ஜ். வரவேற்பில் இருந்த பையன் ஒடிசாக்காரன், நல்ல பிள்ளை, தமிழும் நன்றாகப் பேசினான்.

"எத்தனை பேர் சார்?"

"அஞ்சு பேர். தங்கச்சிக்கு நாளைக்கு வார லீவு, அவளும் எங்களோடதான்."

"எந்தக் கம்பெனி சார்?"

"கம்பெனி இல்லை தம்பி, குடும்பம்."

"அப்ப ரூம் இல்லை சார்."

அவன் மேல் தப்பில்லை. இந்த ஊரில் திங்கள் முதல் வெள்ளி வரை அறைகள் கம்பெனிகளுக்கு. மெஷின் மாட்ட வருகிறவர், ஆடிட்டுக்கு வருகிறவர், மெஷின் மாட்டியது சரியா என்று பார்க்க வருகிறவர். சனி, ஞாயிறு பெங்களூருவிலிருந்து காற்று வாங்க வருகிறவர்களுக்கு. முகூர்த்த நாளில் மாப்பிள்ளை வீட்டாருக்கு. வாரத்துக்கு எட்டாவது நாள் ஒன்று சேர்த்தால் குடும்பங்களுக்கு ஒதுக்குவார்கள்.

இன்னொரு இடத்தில் அறை இருந்தது. டபுள் ரூமில் இரண்டு பேர்தானாம், எக்ஸ்ட்ரா பெட் ஒன்றுதானாம், ஐந்து பேர் என்றால் இரண்டு ரூம் எடுக்க வேண்டுமாம். அவர் சொன்ன தொகையை மாத வாடகை என்று நினைத்துக்கொண்டு, "அட்வான்ஸ் எவ்வளவு?" என்று அப்பா கேட்டார். ஒரு ராத்திரிக்கு என்று தெரிந்ததும், "ராத்திரி எத்தனை மணி நேரம் இங்க?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான். ஒருகாலத்தில் நம் ஊர் லாட்ஜ்களில் 24 மணி நேர செக்-அவுட் என்று ஒரு தர்மம் இருந்தது. எப்போது நுழைந்தாலும் மறுநாள் அதே நேரம் வரை அறை உங்களுடையது. இப்போது பகல் 12 மணிக்குக் கதவைத் தட்டுகிறார்கள். ராத்திரி 11 மணிக்கு வந்து இறங்குகிறவனுக்கு ஒரு நாள் என்பது 13 மணி நேரம்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1,000 ரூபாய்க்குள் வாடகை என்றால் முன்பு ஜி.எஸ்.டி. கிடையாது. ஏழையின் அறையிலும் ஏதோ சொகுசு ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து 18.07.2022 முதல் 12 சதவீதம் போட்டார்கள். 22.09.2025 முதல் இரக்கப்பட்டு 5 ஆக்கியிருக்கிறார்கள்: 7,500 ரூபாய் வரை எல்லா அறைக்கும் ஒரே 5. அதாவது 800 ரூபாய் அறையில் மூட்டைப்பூச்சியோடு படுக்கிறவரும் 7,400 ரூபாய் அறையில் குளியல் தொட்டியில் கிடக்கிறவரும் சரிசமம். சமத்துவபுரத்தில்கூட இவ்வளவு சமத்துவம் இல்லை. கம்பெனிக்காரர் பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணை எழுதினால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழி உண்டு. எங்கள் குடும்பத்துக்கு இருப்பது ரேஷன் கார்டு எண். அதை எழுதலாமா என்று கேட்டேன்; பையன் சிரித்தான்.

எல்லை தாண்டியும் போனோம். அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டிப் பொம்மசந்திரா. அங்கேதான் குடும்பம் என்றால் என்ன என்று புரிந்தவர்கள் இருக்கிறார்கள். அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றித் தெருத் தெருவாக அறைகள், பெங்காலியில் பலகைகள். கல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் இதய ஆபரேஷனுக்கு வருகிறவர்களோடு நாலைந்து பேர் வருவார்கள் என்று தெரிந்து, பெரிய அறை, கேஸ் அடுப்பு, பாத்திரம் எல்லாம் வைத்து நாள் வாடகைக்கு விடுகிறார்கள். மனசு குளிர்ந்து உள்ளே போனோம். "பேஷன்ட் யார்?" என்றார் வீட்டுக்காரம்மா. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆச்சி மட்டும் சமயோசிதமாக நெஞ்சில் கை வைத்தார். ஆனால் வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டுவிட்டார். எண்பது வயதில் இருதயம் நன்றாக இருப்பதற்காக ஒருவர் வருத்தப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று எங்களுக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்த படுக்கை ஸ்லீப்பர் பஸ்ஸில்தான். நல்ல மெத்தை, போர்வை, ஜன்னல், ஏசி எல்லாம் இருந்தது. ஒரே குறை, விடிந்தால் அது சங்கரன்கோவிலில் நிற்கும். பெரியவர்கள் மூவரும் அதிலேயே திரும்பிவிட்டார்கள். தங்கச்சியை விடுதி கேட்டில் முக்கால் மணி நேரம் பார்த்ததோடு சரி.

ராணி மங்கம்மாள் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் சாலையோரம் சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் அவர் பேரில் ஒன்று இருக்கிறது. அந்த அம்மாவுக்கு முதலீட்டாளர் மாநாடு இல்லை, புரிந்துணர்வு ஒப்பந்தம் இல்லை. வழிப்போக்கனுக்கு ராத்திரி தூக்கம் வரும் என்ற தகவல் மட்டும் இருந்தது.

இனி என் கோரிக்கை. தங்கள் நிலையத்தில் புறப்பாட்டுக் கூடத்தின் ஓரமாக, குடும்பங்கள் பாய் விரித்துப் படுக்க ஒரு மூலை வேண்டும். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் பயணிகள் கால் நீட்டித் தூங்கக் காசு வாங்காமல் சாய்வு நாற்காலிகளே போட்டிருக்கிறார்கள். நாங்கள் தரையே போதும் என்கிறோம். உள்ளே நுழைய விமான டிக்கெட் வேண்டும் என்று துப்பாக்கி வைத்திருப்பவர் சொல்வார். ஓசூர் அறை வாடகை போகிற போக்கில் டிக்கெட்டே மலிவாக வரக்கூடும் என்பதால், விமானம் ஏறாமலிருக்கும் உரிமையோடு ஒரு டிக்கெட் அச்சடிக்கலாம்.

அவசரம் இல்லை. பெங்களூரு விமான நிலையத்தோடு போட்ட ஒப்பந்தப்படி 2033 வரை அதைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள், மைசூரும் ஹாசனும் நீங்கலாக, புதிய விமான நிலையம் வரக் கூடாது. ஒரு விமான நிலையம் நிம்மதியாக இருக்க 150 கிலோமீட்டர் வேண்டியிருக்கிறது. நான் ஐந்து பேருக்குக் கேட்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி. பேரிகை, பாகலூர் பக்கம் தங்களுக்காக நிலம் பார்க்கிறார்கள். அங்கே தக்காளியும் முட்டைக்கோஸும் போடுகிறவர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு ஊருக்குள் வந்தால் அவர்களும் அறை தேடுவார்கள். மூலையைக் கொஞ்சம் பெரிதாகவே ஒதுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் வருங்கால வாடகைதாரன்.

இணைப்பு: குடும்ப அட்டை நகல் ஒன்று. ஐந்து பேரின் ஆதார் நகல், லாட்ஜ்களில் கொடுத்தது போக மிச்சம். ஆச்சியின் இருதயம் நன்றாக இருப்பதற்கான மருத்துவச் சான்று. தங்கள் நிலையத்தில் அது ஒரு தகுதிக் குறைவாகக் கருதப்படுமானால் முன்கூட்டியே தெரிவிக்கவும்.