கேப்பையில வடியிற நெய்

மருமகனே, வா வா. கையில என்ன டப்பா? பச்சை மை பேனாவா? சி.டி. விளிம்பைச் சுத்தி ஒரு கோடு இழுத்தா பாட்டு பளிச்சுன்னு வருமாக்கும்? பேஷ். வாங்கினது வாங்கிட்ட. விலை என்னன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா வீட்டுல கேப்பா; அதுக்கு மட்டும் ஒரு பதிலைத் தயார் பண்ணி வச்சுக்க.

நான் பெரிய படிப்பாளி இல்லதான். ஆனா கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைன்னு ஊர் ஊரா மைக்செட் கட்டி, தட்டும் ஊசியுமாப் புழங்குன கை இது. சொல்றதைக் கேட்டா கேளு. கேக்காட்டி அந்தப் பேனாவை எங்கிட்ட கொடு, ஆட்டுக்குட்டிக்குக் குறி போட ஆகும்.

இது ஒண்ணும் புதுச் சரக்கு இல்லப்பா. 1990 வாக்குல அமெரிக்காக்காரன் இந்தப் பச்சை மைக்குப் பைத்தியமா அலைஞ்சிருக்கான். தட்டுக்குள்ள போற லேசர் வெளிச்சம் விளிம்புல பட்டுச் சிதறித் திரும்பி வந்து பாட்டைக் கெடுக்குதாம். பச்சை மை அதை உறிஞ்சிருமாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த லேசர் 780 நானோமீட்டர், அகச்சிவப்பு. மனுசக் கண்ணுக்குத் தட்டுப்படாத வெளிச்சம். உன் கண்ணுக்குப் பச்சையாத் தெரியிற மை அந்த வெளிச்சத்தை உறிஞ்சும்னு யாருப்பா உனக்கு எழுதிக் கொடுத்தது? அதுவும் போக, சி.டி. நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமாப் போகுது. முக்கா மணி நேர ஆல்பம்னா விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் இருக்கும்போதே பாட்டு முடிஞ்சிரும்.

சோனியும் பிலிப்ஸும் கூடிப் போட்ட கணக்குப்படி, ஒரு வினாடிப் பாட்டை 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டுல எழுதி வச்சிருக்கான். இடது பக்கத்துக்குத் தனி, வலது பக்கத்துக்குத் தனி. ஆகத் தட்டுல இருக்கறது வெறும் எண்ணு. மளிகைச் சீட்டுல ‘அரிசி 5 கிலோ’ன்னு பச்சை மையில எழுதினா சோறு கூடுதலா மணக்குமா? எழுத்து புரிஞ்சா 5 கிலோ கட்டப் போறான், அவ்வளவுதான்.

எழுத்து அழிஞ்சாலும் பரவாயில்லைன்னு அதுக்கும் வழி பண்ணி வச்சிருக்கான். 1960-ல ரீட், சாலமன்னு ரெண்டு கணக்குப் புலிங்க கண்டுபிடிச்ச முறை. தடத்துல ரெண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒண்ணுமே இல்லாமப் போனாக்கூட, மிச்சமிருக்கிற எண்ணை வச்சு விட்டுப்போனதை அச்சு அசலா மீட்டு எடுத்துரும். எடுத்த எண்ணும் அப்படியே வெளியே ஓடி வந்துராது. பிளேயருக்குள்ள இருக்கிற நினைவகத்துல வரிசை கட்டி நின்னு, படிகக் கடிகாரம் தட்டுற தாளத்துக்குத்தான் ஒண்ணொண்ணா வெளியே வரும். தட்டு கொஞ்சம் ஆடுனா பாட்டு ஆடாது. சந்தேகமா இருந்தா, மை பூசுறதுக்கு முன்னால ஒரு தடவை, பூசின பிறகு ஒரு தடவை, கீறல் இல்லாத தட்டாப் பாத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்து. ரெண்டையும் ஒத்துப் பாரு. மையால ஒரு பிட் மாறியிருந்தா என் மீசையை எடுத்துர்றேன்.

இந்தச் சந்தையில பேனா சும்மா சில்லறைச் சாமான். சி.டி.யோட காந்தத்தை எடுக்கிறதுக்கு ஒரு மிஷின் இருக்கு. தட்டு பாலிகார்பனேட் பிளாஸ்டிக், மேல அலுமினியப் பூச்சு; எதுல காந்தம் ஒட்டும்? விளிம்பைச் சரிவாச் சீவி விட ஒரு குட்டி லேத் இருக்கு. பிளேயர் மேல ரெண்டு வினாடி வச்சு எடுத்தா உள்ள இருக்கிற தட்டு திருந்திரும்னு ஒரு சில்லு வந்துச்சு. அதுவும் இத்தனை தட்டுக்குத்தான், பிறகு சக்தி தீந்துருமாம். கண்ணாடி ஜாடியில கூழாங்கல்லைப் போட்டு வித்தவனும் உண்டு, ரூம்ல வச்சா சத்தம் சுத்தமாகும்னு. கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பான். இவனுங்க லிட்டர் கணக்குல வடிச்சிட்டானுங்க.

கோவிச்சுக்காத, ஒண்ணு சொல்லணும். போன வாரம் உன் வீட்டுக்கு வந்தேன்ல? சி.டி. மேல போடுவியே கறுப்பு மேட், அதை நீ காபி எடுக்க உள்ள போன நேரம் எடுத்து மடியில கட்டிக்கிட்டேன். நீ வந்து பாட்டைப் போட்ட, கண்ணை மூடுன. ‘மாமா, வீணை பாத்தீங்களா, ஒவ்வொரு மீட்டும் தனியா நிக்குது, எல்லாம் அந்த மேட்டாலதான்’ன. நானும் தலையை ஆட்டினேன். மேட்டு என் மடியிலதான் இருந்துச்சு.

நீ பொய் சொன்னன்னு சொல்லல. காசு போட்டவன் காது வித்தியாசத்தைத் தேடும், தேடுனா கிடைக்கும். வால்யூம் ஒரு மயிரிழை கூடியிருந்தாலே தெளிவுன்னு தோணும். அமெரிக்காவுல மேயர், மோரன்னு ரெண்டு பேர் 2007-ல ஒரு சோதனையை வெளியிட்டாங்க. உசத்தித் தரத்துல பதிஞ்ச தட்டை நேராவும், சி.டி. தரத்துக்கு இறக்கியும், எதுன்னு சொல்லாமப் போட்டுக் கேக்க வச்சாங்க. 554 தடவையில சரியாச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். பதிவோட தரத்தையே பிரிச்சுச் சொல்ல முடியல, இதுல விளிம்பு மையைக் காது கண்டுபிடிக்குதாம்!

எல்லாமே ஏமாத்துன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். ரெக்கார்டு தட்டு கதை வேற. அங்க ஊசி நிசமாவே பள்ளத்துல உரசிப் போகுது. தூசி விழுந்தா படபடன்னு கேக்கும். அந்தக் காலத்து 78 அரக்குத் தட்டுக்குப் பக்கத்துக்கு ஒரு எஃகு ஊசி மாத்துவோம். மாத்தாம ஓட்டுனா தட்டைத் தின்னுரும். இன்னைக்கு எல்.பி. வச்சிருக்கியா? கார்பன் நார் பிரஷ் வாங்கு. ஊசி முனையைச் சுத்தம் பண்ண ஒரு சின்ன பிரஷ் வாங்கு. ஊசி அழுத்தம் பாக்க ஒரு குட்டித் தராசு வாங்கு. நிறைய ஊசிக்கு 2 கிராமை ஒட்டித்தான் இருக்கும். இதெல்லாம் காசு கொடுத்தா காதுல கேக்கும். சி.டி.க்கு ஒரு மெத்துன்னு துணி போதும். நடுவுலேருந்து வெளியே நேராத் துடை, வட்டமாத் துடைக்காத. வட்டக் கீறல் தடத்தோடயே ஓடும். அந்த ரீட்–சாலமன் கணக்கும் அதுக்கு ஈடு கொடுக்காது.

இனி உன் ரூமுக்கு வருவோம். ஸ்பீக்கர் ரெண்டும் ஷோகேஸுக்குள்ள, புள்ளைங்க வாங்குன கப்புக்கும் நடராசர் சிலைக்கும் நடுவுல மூச்சு முட்டி நிக்குது. கீழ டைல்ஸ், சுத்தி மொட்டைச் சுவரு, மேல கடகடன்னு ஃபேன். அடுப்படியில குக்கர் மூணாவது விசில். இத்தனைக்கும் நடுவுல உனக்குச் சி.டி. விளிம்புதான் கண்ணுல பட்டுச்சு பாரு! ஸ்பீக்கரை வெளியே எடு. காது உயரத்துக்கு ஸ்டாண்டு போடு. மூலையை விட்டுத் தள்ளி வை. மூலையில வச்சா பாஸ் மட்டும் ஊதிப்போய் திம்திம்ங்கும். ரெண்டு ஸ்பீக்கரும் நீயும் முக்கோணமா அமையிற மாதிரி உக்காரு. தரைக்கு ஒரு ஜமுக்காளம், ஜன்னலுக்குத் தடிச்ச திரை. ஃபேனை நிறுத்து. வேர்க்கும்தான், ஆனா ஓசியில கிடைக்கிற தெளிவு.

இனிமே எவனாவது சாமான் விக்க வந்தா ஒண்ணே ஒண்ணு கேளு. ‘கண்ணைக் கட்டிக்கிட்டு, சாமான் இருக்கா இல்லையான்னு பத்துக்கு ஒம்பது தடவை நீயே சரியாச் சொல்லு, ரெண்டா வாங்கிக்கிறேன்’னு கேளு. சொன்னான்னா மறு பேச்சு இல்லாம வாங்கு. முழிச்சான்னா, அந்தக் காசுக்கு நாலு நல்ல தட்டா வாங்கிப் போட்டுக் கேளு. மாமனையும் கூப்பிடு, வர்றேன்.