தூங்காத கணக்கப்பிள்ளை

இன்ன ஆழத்தில் இன்ன நேரம் தங்கியவன் எங்கெங்கே நின்று நிதானித்து மேலேற வேண்டும், அப்படி ஏறாவிட்டால் உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழ்களாகக் கிளம்பி அவனை என்ன பாடு படுத்தும் என்பதையெல்லாம் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி வெள்ளாடுகளை அழுத்த அறையில் அடைத்துப் பரீட்சித்து, 1908-ல் அட்டவணையாக வகுத்துக் கொடுத்தார். அந்த அட்டவணையின் வம்சத்தில் வந்ததுதான் இன்று ஸ்கூபா பிரியர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் டைவ் கம்ப்யூட்டர். பேட்டரி மாற்றும் உபத்திரவம் அந்த வெள்ளாடுகளுக்கு இல்லை என்பதை இங்கே பொறாமையோடு குறிப்பிட விரும்புகிறேன்.

புதுச்சேரிக் கடலில் எப்போதாவது மூழ்கி எழும் சாமானியனான என்னிடமும் அப்படி ஒரு கணக்கப்பிள்ளை வந்து சேர்ந்தது. வருஷக்கணக்கில் உழைக்கும் என்று கையேடு சத்தியம் செய்திருந்த பேட்டரி, ஒவ்வொரு முறையும் சில வாரங்களிலேயே பிராணனை விட்டது. "என்னங்க, உங்களைவிட அதுதான் அடிக்கடி கடலுக்குப் போகுது போல" என்றாள் என் மனைவி. பரிகாசமாகச் சொன்ன அந்த வார்த்தையே முழு நோய்நிர்ணயம் என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

மின்சார வாரியத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற மைத்துனர் மல்டிமீட்டரோடு வந்து, இருபது மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் உடையதாதலால் 2032 என்ற நாமதேயம் பெற்ற அந்தப் பட்டன் செல்லை, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திச் சோதித்தார். "மூணு வோல்ட்டுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல், செல் பேஷா இருக்கு, அத்தான்!" என்று தீர்ப்பும் வழங்கினார். ஆனால் லித்தியம் செல் என்பது, சாகும் தறுவாயிலும் சும்மா இருக்கும்வரை ஏறக்குறைய மூன்று வோல்ட்டையே காட்டிக் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் ஜாதி. வேலை கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும். செல்லை மறுபடி பொருத்தி, திரையின் விளக்குப் பொத்தானை அழுத்தியதும் எழுத்துக்கள் மங்கி மறைந்தன. மைத்துனரும் காபி குடிக்க எழுந்துவிட்டார்.

செல் செத்தது நிச்சயம், கொன்றது யார்? புதுச் செல் போட்ட சில நாளைக்கெல்லாம், நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, குளியலறைக் கொடியில் ஈர நீச்சலுடையோடு ஒட்டித் தொங்கிய கணக்கப்பிள்ளை, ஆழம் 0.0 என்று விழிப்போடு அறிவித்துக்கொண்டிருந்தார். அதன் முதுகிலே இரண்டு சிறிய உலோகக் குமிழ்கள் உண்டு. அவற்றுக்கிடையே தண்ணீர் பட்டால் சொற்ப மின்சாரம் ஓடும். எஜமானர் சமுத்திரத்தில் இறங்கிவிட்டார் என்று யந்திரம் தானாகவே விழித்துக்கொள்ளும். பொத்தானை அழுத்த மறந்தவனின் உயிரைக் காக்கும் உத்தமமான ஏற்பாடுதான். வங்காள விரிகுடாவுக்கும் ஈரத்துணிக்கும் வித்தியாசம் தெரியாதது ஒன்றே அதன் குறை. பூதக்கண்ணாடியால் பார்த்தேன். குமிழைச் சுற்றிக் காய்ந்த உப்பு வெள்ளை வளையமாகப் படிந்திருந்தது. காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ள அது போதும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மிருதுவான பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி, காற்றோட்டமான நிழலில் தனியே வைத்த பிறகு இரவுக் கணக்கு நின்றது.

ஆகவே வாசகர்களே, பேட்டரிக் கடைக்காரரை வைவதற்கு முன்னால் அந்தக் குமிழ்களைத் துடைத்துப் பாருங்கள். அப்படியும் மாற்றத்தான் வேண்டுமென்றால், மூடியிலுள்ள ரப்பர் வளையத்தையும் கூடவே மாற்றுங்கள். அதில் ஒரு தலைமயிர் சிக்கினாலும் கடல் உள்ளே வந்துவிடும். ஒரு முழுக்குக்கும் அடுத்த முழுக்குக்கும் நடுவே மட்டும் செல்லைக் கழற்றாதீர்கள். பல மாடல்களில் அதுவரை எழுதிய நைட்ரஜன் கணக்கு அத்தனையும் அதோடு அழிந்துபோகும்.