பொனீயா தவணை: பேஸ்பால் ரசிகரின் பணவருத்தம் குறித்து ஓர் ஆய்வு

ஆண்டுதோறும் ஜூலை 1ஆம் தேதி நியூயார்க் மெட்ஸ் அணியின் ரசிகர்கள் ‘பாபி பொனீயா நாள்’ அனுசரிக்கிறார்கள். 2001ஆம் ஆண்டோடு மட்டையைக் கீழே வைத்துவிட்ட பாபி பொனீயாவுக்கு அன்று அணி நிர்வாகம் 11,93,248 டாலர் 20 சென்ட் கொடுக்கிறது. 2011இல் தொடங்கிய இந்தத் தவணை 2035 வரை, மொத்தம் 25 முறை. கடைசித் தவணை வாங்கும்போது அவருக்கு வயது 72. அன்று முழுக்க ரசிகர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள், அந்தக் காலத்து நிர்வாகத்துக்கு மூளை இருந்ததா என்று விசாரிக்கிறார்கள். பண்டிகையா, வருஷத் திதியா என்று பிரித்தறிய முடியாத இந்தச் சடங்கு உரிய மரியாதையோடு ஆராயப்பட வேண்டியது. (இருபத்துநான்கு மணி நேரமும் விளையாட்டுப் பேச்சுக்கென்றே நடத்தப்படும் டபிள்யூ.எஃப்.ஏ.என். வானொலி நியூயார்க்கில் பிறந்ததும் 1987 ஜூலை 1 அன்றுதான். இதைத் தற்செயல் என்று சொல்லிக் கடந்துபோகும் ஆய்வாளரை இக்கட்டுரை ஏற்காது.)

ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பது நம் பழமொழி. அந்த நியாயப்படி, அணி முதலாளியின் பணத்தைச் செலவழிக்கச் சொல்வதில் ரசிகர் தாராளப் பிரபுவாக இருக்க வேண்டும். கோடிகள் புரளும் இடத்தில் அப்படித்தான் இருக்கிறார். லட்சங்களுக்கு இறங்கியதும் கை இறுகி, பலசரக்குக் கடை கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறார். இந்த முரணிலிருந்து ஒரு கருதுகோளை முன்வைக்கலாம்: பேஸ்பால் ரசிகர் விவாதத்தின் உக்கிரம், விவாதிக்கப்படும் தொகைக்கு எதிர்விகிதத்தில் அமையும். இதை ‘பொனீயா விதி’ என்று அழைப்போம். நிறுவுவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் மூலச்சான்று. 2000 ஜனவரியில் மெட்ஸ் பொனீயாவை விடுவித்தது. ஒப்பந்தப்படி அந்த ஆண்டுக்கு அவருக்குத் தரவேண்டிய 59 லட்சம் டாலரை உடனே தராமல், 8 சதவீத வட்டியோடு பிற்பாடு தருவதாக இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. 59 லட்சத்தை 8 சதவீதக் கூட்டுவட்டியில் 11 ஆண்டுகள் விட்டுவைத்தால் 1 கோடியே 37 லட்சம் ஆகிறது. அதை, மிச்சத்துக்கு அதே வட்டி ஓடும்படி 25 சம தவணைகளாகப் பிரித்தால் தவணைக்கு 11 லட்சத்து 93 ஆயிரம் வருகிறது. மொத்தத்தில் கைமாறுவது 3 கோடி டாலருக்குச் சற்றே குறைவு. வீட்டுக்கடன் வாங்கிய எவரும் வங்கி தந்த அட்டவணையில் பார்த்திருக்கக்கூடிய கணக்குதான். இங்கே வங்கியின் நாற்காலியில் ஆட்டக்காரர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவே. இருந்தும் இந்த ஒப்பந்தம் விளையாட்டு உலகின் மகா மடமைகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது.

இனி எடைபோட எதிர்த்தட்டில் வைக்க வேண்டியவை. அதே மெட்ஸ் அணி 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவை 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுச் சராசரி 5.1 கோடி. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். ஆகவே ஆட்டம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 லட்சத்து 15 ஆயிரம் டாலர். சோட்டோ நாலாவது ஆட்டத்தை முடித்துக் கையுறையைக் கழற்றுவதற்குள் பொனீயாவின் ஓராண்டுத் தவணை தீர்ந்துவிடுகிறது. ‘சோட்டோ நான்காம் ஆட்ட நாள்’ என்று யாரும் எதையும் அனுசரிப்பதாகத் தெரியவில்லை. இன்னும் கூர்மையான சான்று ராபின்சன் கனோ. 2022 பருவத்தின் தொடக்கத்தில் மட்டும் அணிகள் 28 பேரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. மே 2ஆம் தேதி அந்த எண்ணிக்கை வழக்கமான 26க்கு இறங்கியபோது மெட்ஸ் கனோவைக் கழற்றிவிட்டது. அந்தப் பருவத்தில் அவர் மெட்ஸுக்காக ஆடியது 12 ஆட்டங்கள், பேட்டிங் சராசரி .195. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளுக்கு மெட்ஸ் அவருக்காக ஏற்றிருந்த பாக்கி 4 கோடி டாலரை ஒட்டியது. பொனீயா கால் நூற்றாண்டில் பெறுவதைவிட இது அதிகம். கனோவுக்கு நாள், நட்சத்திரம் எதுவும் இல்லை.

பட்டியல் விவாதங்களிலும் விதி பிசகாமல் நிற்கிறது. 2021 முதல் பெரிய லீக் அணி ஒவ்வொன்றின் ஆட்டப்பட்டியலிலும் வழக்கமாக 26 பேர். முதல் ஆளைப் பற்றி ரசிகர் பேசுவது ஒரு வாக்கியம்: அவர் ஆடுவார். இருபத்தாறாவது ஆளுக்குத்தான் மேடை போடப்படுகிறது. அவர் இடது கையால் அடிப்பவரா, இரண்டு இடங்களில் தடுத்தாடத் தெரிந்தவரா, சிறிய லீக்குக்கு அனுப்பும் உரிமை இன்னும் எத்தனை பருவம் பாக்கியிருக்கிறது, அனுப்பாமல் கழற்றிவிட்டால் வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடுமா என்றெல்லாம், ஒரு ஆட்டக்காரரைச் சிறிய லீக்குக்கு ஒரே பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் அனுப்ப முடியாது என்ற உபவிதி வரை தோண்டி எடுக்கிறார்கள். அந்த ஆளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் லீகின் குறைந்தபட்ச ஊதியம். 2025இல் அது 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர். வாரத்தில் ஒருநாள், ஏழாவது இன்னிங்ஸில், களைத்த ஒருவருக்குப் பதிலாக ஓடுவதற்காக அவர் வைத்திருக்கப்படுகிறார். அந்த ஓட்டத்தைப் பற்றி நடக்கும் சர்ச்சைக்குச் சைவ சித்தாந்த உரைமரபில் இடம் கேட்கலாம்.

இந்த இடத்தில் தேர்ந்த எதிர்வாதி ஒருவர் குறுக்கிடுவார். சிறியதைப் பற்றிச் சண்டை போடுவது சிறியது என்பதால் அல்ல, அது மட்டுமே இன்னும் முடிவாகாதது என்பதால். நட்சத்திர ஆட்டக்காரர் ஆடுவது நிச்சயம், நிச்சயமானதைப் பற்றி எவன் வாதாடுவான் என்பார். வலுவான தடை, பட்டியலைப் பொறுத்தவரை முக்கால்வாசி ஒத்துக்கொள்ளவும் வேண்டும். ஆனால் அந்தத் தடை பொனீயாவிடம் முட்டிக்கொண்டு நிற்கிறது. 2000இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் முடிவாகாதது எதுவும் இல்லை. ரசிகர் எத்தனை உரக்கக் கத்தினாலும் 20 சென்ட்கூடக் குறையாது. முற்றிலும் முடிந்துபோன ஒன்றைப் பற்றி ஆண்டுதோறும் புதிதாக வாதாடுகிறார்கள் என்றால், காரணம் தொகையின் அளவில்தான் இருக்க வேண்டும். 76.5 கோடியை ரசிகரால் மனத்தில் கொள்ள முடியாது. 11.93 லட்சத்தை முடியும்: தனக்குக் கிடைத்திருந்தால் வேலையை விட்டிருப்பேன் என்று கணக்குப் போடலாம். பொறாமைப்படுவதற்கும் ஒரு கொள்ளளவு உண்டு.

வட்டியைப் பற்றிய தடை அடுத்தது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2023 டிசம்பரில் ஷோஹே ஓட்டானிக்குப் பேசிய 70 கோடியில் 68 கோடியை 2034 முதல் 2043 வரை தருவதாகத் தள்ளிவைத்தது, வட்டியே இல்லாமல். மெட்ஸோ 8 சதவீதம் கொடுத்து ஏமாந்தது என்பார்கள். 2000 ஜனவரியில் அமெரிக்க வங்கிகள் தம் தலைசிறந்த வாடிக்கையாளருக்கே கடன் கொடுத்த வட்டி 8.5 சதவீதம். அதைவிட அரை சதவீதம் மலிவாகக் கடன் வாங்கியவரை ஏமாளி என்பது நிதியியலுக்குப் பொருந்தாது. அன்றைய முதலாளிகளில் ஒருவரான ஃபிரெட் வில்பான், நிதி நிர்வாகி பெர்னி மேடாஃபிடம் பணம் போட்டிருந்தார், அங்கிருந்து வந்த அறிக்கைகள் 8 சதவீதத்தைத் தாண்டிய லாபத்தைக் காட்டின, 2008 டிசம்பரில் மேடாஃப் கைதானபோது அவை வெறும் காகிதம் என்று தெரிந்தது. ஆக வில்பானின் பெருக்கல் வாய்ப்பாட்டில் தவறில்லை, அறிக்கை எழுதிய ஆளிடம்தான் தவறு. ஓட்டானி விஷயத்தில் எதிரணி ரசிகர்கள் அநியாயம் என்று கூவினார்கள். மடத்தனம் என்று சொன்னவர் அரிது. ஊதியத்தைத் தள்ளிப்போடும் அதே காரியம் ஆண்டுக்கு 11 லட்சத்தில் மடமை, ஆண்டுக்கு 6.8 கோடியில் மதிநுட்பம்.

ரசிகரின் கோபம் பணத்தைப் பற்றியதே அல்ல, ஆட்டத்தைப் பற்றியது என்றும் சிலர் வாதிடலாம். 1999இல் பொனீயாவின் சராசரி .160, அட்லாண்டாவிடம் தோற்று வெளியேறிய இறுதி இரவில் அவரும் ரிக்கி ஹெண்டர்சனும் உடைமாற்றும் அறையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்ததாகப் பத்திரிகைகளில் கதை வந்தது. சரி, ஆனால் .195 அடித்த கனோவின் மேல் இத்தனை நீண்ட நினைவு இல்லையே. மாறாக, பொனீயாவைத் தாங்கிப் பேசும் கட்சியினரும் உண்டு. மிச்சமான பணத்தில்தான் மைக் ஹாம்ப்டன் வந்தார், 2000இல் மெட்ஸ் உலகத்தொடருக்குப் போனது. ஹாம்ப்டன் கொலராடோவுக்குப் போனதற்கு ஈடாகக் கிடைத்த புதுமுகத் தேர்வு வாய்ப்பில் 2001இல் டேவிட் ரைட் வந்தார் என்று வம்சாவளி பாடுவார்கள். அழகான கதைதான். ஹாம்ப்டன் மெட்ஸுக்கு வந்தது 1999 டிசம்பர், பொனீயாவை விடுவித்தது அடுத்த மாதம். பிள்ளைக்குப் பிறகு தகப்பன் பிறக்கும் வம்சாவளியை அப்படியே ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. வரவுசெலவு ஒரே திட்டமாக இருந்திருக்கலாம் என்பதுவரை ஒத்துக்கொள்வோம்.

விதிக்கு எதிராக ஒரு சான்றும் இருக்கிறது, அதை மறைப்பது அறமாகாது. பொனீயாவுக்கு இன்னொரு தவணையும் உண்டு: மெட்ஸ், பால்டிமோர் ஓரியோல்ஸ் தொடர்பில் 2004 முதல் 25 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் டாலர். தொகை பாதிக்கும் குறைவு. விதிப்படி இரண்டு மடங்கு ரகளை நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை, பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே பொனீயா விதிக்கு ஒரு கீழ்வரம்பு சேர்க்க வேண்டியிருக்கிறது. அது 5 லட்சத்துக்கும் லீகின் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறது.

மற்றபடி விதி நிறுவப்பட்டதாகவே இக்கட்டுரை கொள்கிறது. ரசிகப் பெருமக்களுக்கு ஒரு தகவல் மட்டும்: கடைசித் தவணைக்குரிய 2035 ஜூலை 1 ஞாயிற்றுக்கிழமை, வங்கி கிடையாது. பணம் வெள்ளிக்கிழமையே போய்ச்சேர வேண்டுமா, திங்கள்கிழமை போனால் அந்த ஒருநாள் வட்டி யாருக்கு என்பதை இப்போதே பேசத் தொடங்கலாம்.