தாச்சி ராச்சியம்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பிறந்தநாளுக்கோ வீடு குடிபூரலுக்கோ நாள் வைத்தாயிற்று என்ற செய்தி, சாத்திரியார் வீட்டுப் படியிறங்கிக் காலி வீதிக்கு வந்து சேர்வதற்குள் சீஸ் அன்ரியின் காதுக்குப் போய்விடும். எப்படிப் போனது என்று ஆராய்வதற்கு நேரம் இராது. அதற்குள் போன் அடிக்கும்.

"சோட் ஈற்ஸ் ஒண்டும் கடையில சொல்லிப் போடாதேங்கோ. நான் செய்து தாறன்."

"ஐயோ அன்ரி, உங்களுக்கேன் வீண் கரைச்சல்..."

"இதில என்ன கரைச்சல்? எத்தினை பேர் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"அறுபது பேர் வருவினம்" என்று சொன்னீர்களோ, முடிந்தது. அந்த நிமிடத்திலிருந்து அந்தக் கொண்டாட்டம் உங்களுடையதல்ல. மண்டபம் உங்களுடையது, செலவு உங்களுடையது, கேக் வெட்டுகிற பிள்ளைகூட உங்களுடையதுதான். ஆனால் எத்தனை மணிக்கு வெட்டுவது என்பதை இனி அன்ரியின் தாச்சி தீர்மானிக்கும்.

காலி வீதிக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் இப்படி ஒருவர் இருப்பார். வயது ஐம்பத்தைந்துக்கு மேலே. இளைப்பாறிய ரீச்சர், அல்லது வங்கியில் இருந்தவர். ஒரு பிள்ளை ரொறன்ரோவில், ஒரு பிள்ளை லண்டனில். அடுக்குமாடியின் நாலாம் அல்லது ஐந்தாம் மாடியில் வீடு. பேரப்பிள்ளை பார்க்க ஸ்காபரோ போன இடத்தில் மகள் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போய் மொசரெல்லா குச்சி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். தட்டில் ஆறு துண்டு, பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் தக்காளிச் சோஸ். அன்ரி ஒன்றை எடுத்து இரண்டாக இழுத்துப் பார்த்தார். நூல் நூலாக நீண்டது. பில்லையும் பார்த்தார், டொலரை ரூபாயில் பெருக்கினார்.

"எடி பிள்ளை, இதுக்கோ இவ்வளவு காசு? எங்கட ரோல்ஸ்தானே! கிழங்கை எடுத்துப்போட்டுச் சீஸை வைச்சிருக்கிறான்."

அதில் நியாயம் உண்டு. கட்லற்றும் ரோல்ஸும் உருட்டிப் பழகிய கொழும்புப் பெண்ணுக்கு அந்த வித்தையில் புதிதாக ஒன்றும் இல்லை. மாக்கரைசலில் தோய், ரஸ்க் தூளில் பிரட்டு, கொதிக்கிற எண்ணெயில் போடு. கனடாக்காரன் கைகட்டி நின்று படிக்க வேண்டிய பாடத்தை அன்ரி பதினைந்து வயதிலேயே முடித்திருந்தார். ஊர் திரும்பியதும் தானே சீஸ் குச்சி பொரிக்கத் தொடங்கினார்; சீஸ் அன்ரி ஆனது அப்படித்தான்.

சீஸ் மேல் அவருக்கு இருக்கும் பிடிப்புக்கு இன்னொரு பழைய கணக்கும் உண்டு. எழுபதுகளின் முற்பாதியில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, பாணுக்கே வரிசை. 1977இல் கதவு திறந்தபின்தான் தகரத்தில் அடைத்த சீஸ் கடைத் தட்டுகளில் தாராளமாகத் தலை காட்டியது. சிக்காகோவில் ஜேம்ஸ் கிராஃப்ட் என்பவர் சீஸை உருக்கிக் கிளறிக் கெடாமல் வைக்கும் முறைக்கு 1916இல் காப்புரிமை எடுத்தார். அந்த வகைச் சீஸ்தான் எங்களுக்கு அந்தக் காலத்தில் தெரிந்த ஒரே சீஸ். அப்போதைய பார்ட்டிகளில் பாதிக் கோவாவை வெள்ளித்தாளால் சுற்றிக் கவிழ்த்து வைத்து, அதன் முதுகு முழுக்கப் பல்லுக்குச்சி குத்தியிருப்பார்கள். ஒவ்வொரு குச்சியிலும் ஒரு துண்டு அன்னாசி, ஒரு கட்டிச் சீஸ். முள்ளம்பன்றி மாதிரி நடு மேசையில் குந்தியிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு குச்சி. இரண்டாவதுக்குக் கை நீட்டினால் அம்மாவின் கண் உருளும். அன்றைக்கு அடங்கிய கை இன்றைக்கு அறுபது பேருக்குக் கிலோக் கணக்கில் சீஸ் வெட்டுகிறது.

கணக்கென்றால் அன்ரியிடம்தான் கேட்க வேண்டும். அரைக் கிலோக் கட்டியில் சுண்டுவிரல் அளவுத் துண்டுகள் முப்பது சொச்சம் வரும். ஆளுக்கு மூன்று என்றால் அறுபது பேருக்கு 180. ஆக ஆறு கட்டி. "மிஞ்சினா மிஞ்சட்டும்" என்று ஏழாக வாங்குவார். மிஞ்சிய வரலாறு இல்லை. ஏனென்றால் அறுபது பேர் என்று சொன்ன வீட்டுக்கு எழுபத்தைந்து பேர் வருவார்கள் என்பதும், அதில் பாதிப்பேர் ஆகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிற சொந்தம் என்பதும் அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

இரண்டு நாளைக்கு முன்னரே குசினியில் வேலை தொடங்கிவிடும். கடையில் பைக்கற்றில் விற்கிற ரஸ்க் தூளை அவர் நம்பமாட்டார். பழம் பாணை வெட்டிக் காயவைத்து, கிரைண்டரில் அரைத்து, அரிதட்டில் அரித்து எடுப்பார். வெள்ளவத்தையில் இதற்கு ஒரு பரம எதிரி உண்டு, கடற்காற்று. பல்கனியில் காயப்போட்ட பாண் பின்னேரம் பார்த்தால் போட்டபோது இருந்ததைவிட ஈரமாக இருக்கும். அதனால் ஓவனுக்குள் இன்னொரு முறை போகும். பிறகு சீஸ் துண்டுகளுக்கு முதலில் கோதுமை மா, பிறகு முட்டை, பிறகு தூள். அதோடு விடாமல் மறுபடி முட்டை, மறுபடி தூள். ஒற்றைப் பூச்சோடு பொரிக்கிறவர்களைப் பற்றி அன்ரி பேசுகிற தொனியில், ஒற்றைக் கால் கதிரையில் உட்காரச் சொன்ன கோபம் இருக்கும். கடைசியில் இராத்திரி முழுக்க ஃபிறீசருக்குள்.

ஃபிறீசர் விவகாரம் தனி அரசியல். 180 துண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டுத் தட்டாகக் கிடக்க இடம் வேண்டும். வீட்டு ஃபிறீசரிலிருந்து அறக்குளா மீனும் ஐஸ்கிறீமும் வெளியேற்றப்படும். அதுவும் போதாமல் மேல்மாடிக்குப் போன் போகும்: "பிள்ளை, உங்கட ஃபிறீசரில ஒரு தட்டு வைக்க இடமிருக்குமே?" அடுத்த நாள் காலையில் அந்த வீட்டுக்காரி ஃபிறீசரைத் திறந்தால் அவளுடைய இறைச்சிப் பொதி கதவோரம் ஒடுங்கிக் கிடக்க, மூன்று தட்டுச் சீஸ் ராஜபோகமாகப் படுத்திருக்கும். இதெல்லாம் வீண் ஆரவாரமில்லை. 180 பாகை எண்ணெயில் வெளிப்பூச்சு ஒன்றரை நிமிடத்துக்குள் சிவந்துவிட வேண்டும்; உள்ளே இருப்பது அதற்குள் இளகலாம், ஓடக் கூடாது. மொசரெல்லா அறுபது பாகையிலேயே இளகத் தொடங்கிவிடும். உறைந்து கல்லாய்க் கிடந்தால்தான் அந்த ஒன்றரை நிமிடமாவது தாக்குப் பிடிக்கும்.

பொரிக்கும்போது அன்ரியைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வெப்பமானி கிடையாது. ஒரு சிட்டிகை ரஸ்க் தூளை எண்ணெயில் தூவுவார். போட்ட கையோடு நுரைத்து மேலே வந்தால் சரி. ஒரு தடவைக்கு ஆறு துண்டு, ஏழாவதைப் போட்டால் எண்ணெய் குளிர்ந்துவிடும். கண்ணகப்பையைப் பிடித்தபடி தலையைச் சற்றுச் சரித்து நிற்பார், கேட்கிறார் என்று அர்த்தம். கட்லற் என்றால் சத்தம் அடங்கியபின் எடுக்கலாம். சீஸுக்குச் சத்தம் அடங்குமுன் எடுக்க வேண்டும். பிந்தினால் ஒரு மூலையில் வெள்ளையாக ஒரு பொட்டுத் தெரியும். "வாய் திறந்திட்டுது!" என்று அன்ரி சொல்லி முடிப்பதற்குள் சீஸ் எண்ணெய்க்குள் பாய்ந்து, எண்ணெய் அடுப்பைத் தாண்டி மாமாவின் சேட்டில் பாயும்.

அன்ரியின் கணவரான மாமா அங்கே நிற்பதற்குக் காரணம் உண்டு. வாய் திறந்த துண்டுகளைச் சபைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அவை மாமாவின் பங்கு. கொலஸ்ட்ரோல் குளிசை போடுகிற மனிசன். வெளியே "கவனம், கவனம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். உள்ளூர நாலைந்தாவது வெடிக்க வேண்டும் என்று நேர்த்தி வைத்திருப்பார்.

இனித்தான் வில்லங்கம். ஆறாறாக 180 துண்டு என்றால் முப்பது ஈடு. ஈட்டுக்கு ஒன்றரை நிமிடம், நடுவில் எண்ணெய் சூடேறக் கொஞ்சம்; ஒரு தாச்சிக்கு ஒரு மணித்தியாலம் போய்விடும். பொரித்த சீஸின் ஆயுளோ பத்து நிமிடம். வடை ஆறினாலும் வடைதான். மோதகம் மறுநாளும் மோதகம்தான். சீஸ் குச்சி ஆறினால் அழிறப்பர். ஆகவே சனம் வந்து கதிரையில் இருந்தபிறகுதான் பொரிக்கத் தொடங்கலாம், பொரித்த கையோடு சனம் தின்ன வேண்டும். ஆறு மணி என்று அடித்த அழைப்பிதழுக்கு ஏழரைக்கு வந்து, "இன்னும் தொடங்கேல்லையோ?" என்று கேட்கிற சமூகத்தில் இது நடக்கிற காரியமா?

அன்ரி நடத்துவார். முகூர்த்தத்துக்கு அசையாத தமிழனை அசைக்கிற வல்லமை இந்த ஒரு பலகாரத்துக்குத்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. "ஆறரைக்கு முதல் ஈடு. பிந்தி வாறவைக்கு இல்லை" என்று முதல்நாளே வட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். ஆறு இருபதுக்கு லிப்ற் வாசலில் சனம் நிற்கும்.

ஒரு மொட்டைமாடி மணிவிழாவில் இளைப்பாறிய அதிபர் ஒருவர் வாழ்த்துரைக்கு எழுந்தார். விழா நாயகரோடு ஹாட்லிக் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து தொடங்கினார். பள்ளிக்கூடத்தைக் கடந்து, பல்கலைக்கழக வாசலை நெருங்கிக்கொண்டிருந்தபோது குசினிப் பக்கக் கதவு திறந்தது. தட்டோடு அன்ரி.

"ஐயா, நீங்கள் பேசுங்கோ. இவை சாப்பிட்டுக்கொண்டே கேக்கட்டும்."

சனத்தின் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. சீஸ் நூல் இழுபடுகிற வாயால் கைதட்டவும் முடியாது, தலையாட்டவும் முடியாது. அதிபர் நல்ல மனிதர். விழா நாயகரைப் பல்கலைக்கழகத்துக்குள் அனுமதிக்காமலே உரையை முடித்துக்கொண்டு தட்டைத் தேடிப் போனார்.

வெள்ளிக்கிழமை விசேஷம் என்றால் இரட்டை வேலை. சீஸ் பால் சாமான், சைவம். மேலே பூசிய முட்டை மச்சம். எனவே ஒரு பாதிக்கு முட்டைக்குப் பதிலாகச் சோளமாவும் கோதுமை மாவும் கரைத்த கரைசல், வேறு எண்ணெய், வேறு தாச்சி, வேறு கண்ணகப்பை. "இது சைவத் தாச்சி" என்று அன்ரி உரத்து அறிவித்தால்தான் பெரியவர்கள் கை நீட்டுவார்கள். இப்படியொரு சபையில் லண்டனிலிருந்து வந்த பொடியன் ஒருவன், சில சீஸ் வகைகளைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற நொதியத்தால் உறையவைப்பார்கள் என்று விளக்கத் தொடங்கினான். உண்மைதான், நுண்ணுயிரிலிருந்து எடுத்த நொதியம் போட்டதும் கடையில் இருக்கிறது, பெட்டியைப் பார்த்து வாங்கலாம். ஆனால் அதைச் சொல்வதற்கு இதுவா நேரம்? மூன்றாவது துண்டோடு இருந்த சைவப் பெரியவர் காது கேட்கும் கருவியை மெல்லத் திருகி அணைத்தார். அன்ரி பொடியனைக் குசினிக்குள் கூப்பிட்டுத் தட்டுக் கழுவ விட்டார்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் இதே பிறவி வேறு அவதாரத்தில் இருக்கும். ஜம்பட்டா வீதிப் பக்கத்து அன்ரி இலவசத் தொண்டு செய்கிறவர் அல்ல. டசின் கணக்கில் ஓடர், முற்பணம் கையில். சீஸுக்குள் பச்சைக் கொச்சிக்காயைப் பொடியாக அரிந்து வைப்பார். புனித லூசியாஸ் பேராலயத்தில் முதல் நன்மை வாங்குகிற பிள்ளைகளின் வீடுகள், ஜூன் 13இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்கு உறவுகள் வந்திறங்குகிற வீடுகள் எல்லாம் அவருடைய பேரேட்டில் இருக்கும். தவக்காலத்து வெள்ளியில் இறைச்சி கிடையாது என்பதால் அன்றைக்கும் சீஸுக்குக் கிராக்கி. "பாத்து கடிங்க, உள்ளுக்கு நெருப்பு" என்று சொல்லித்தான் கொடுப்பார். வெள்ளவத்தை அன்ரிக்கு இவரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை. "காசுக்குப் பொரிக்கிறவ" என்பார். கொட்டாஞ்சேனை அன்ரி சிரித்துக்கொண்டே சொல்வார்: "அவங்களுக்குக் காசு வேணாம் மகன். அறுபது பேர் வாயால பேர் சொல்லணும். அது என் ரேட்ட விடக் கூட."

இரண்டு பேரையும் ஒன்றாக வாட்டியது 2022இன் பொருளாதார நெருக்கடி. 12.5 கிலோ காஸ் சிலிண்டருக்கு விடிய விடிய வரிசை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரன்ற் இல்லை. காஸ் இல்லாவிட்டால் தாச்சி இல்லை, கரன்ற் இல்லாவிட்டால் ஃபிறீசர் இல்லை. அடுக்குமாடிகளின் உச்சியில் கல் வைத்து விறகு மூட்டிச் சோறு காய்ச்சியது அப்போதுதான். சீஸ் அன்ரியும் ஒரு பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு அந்த விறகடுப்பில் ரோல்ஸ் பொரித்தார், கிழங்கு ரோல்ஸ். "சீஸுக்கு நெருப்பு ஒரே சீரா நிக்கோணும்" என்று வந்தவர்களுக்கெல்லாம் தனித்தனியே விளக்கம் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை.

இப்போது புதிய தொல்லை, லண்டன் மகன் அனுப்பிய எயார் ஃபிறையர். "எண்ணெயே வேண்டாம் அம்மா" என்று வீடியோவில் வந்து சொல்லிக் கொடுத்தான். அன்ரி ஒரு தட்டுப் போட்டுப் பார்த்தார். பூச்சு சிவக்கத் தொடங்குவதற்குள் சீஸ் முழுக்க இறங்கி அடியில் தோசையாகப் படிந்திருந்தது. மாமா அதைச் சுரண்டிச் சாப்பிட்டுவிட்டு மெசினைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். அவருக்கு அது வாய் திறந்த துண்டுகளின் தங்கச் சுரங்கம். அன்ரி அதைத் துடைத்து, மூடி, ஃபிறிட்ஜுக்கு மேலே ஏற்றிவிட்டார். யாராவது கேட்டால், "பிள்ளை ஆசையா அனுப்பினவன். நல்ல சாமான். கடற்காத்துப் படாமல் ரஸ்க் தூள் வைக்கலாம்" என்பார்.