சொதியியல்: மட்டக்களப்பு வாவிக்கரை அடுக்களைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

மட்டக்களப்பைப் பற்றி எழுதப் புகுந்த பெரியோர் எல்லாரும் மீனின் பாட்டையே கேட்டார்கள். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வாவியின் அடியிலிருந்து நிலாக்காலத்தில் எழும் அந்த ஒலியை நீரரமகளிரின் இசையாக்கி, 1947இல் வெளிவந்த யாழ் நூலில் வைத்தார். வித்துவான் வி.சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதி இந்நாட்டின் பழமையையும் பாடல்களையும் திரட்டித் தந்தார். பாடி முடித்த மீனுக்கு அடுத்து என்ன நேர்கிறது என்ற வினாவைப் புலமை மரபு நாசூக்காகத் தாண்டிப் போய்விட்டது. அது சட்டிக்குப் போகிறது. (பாடுவது மீன் அல்ல, ஊரி என்னும் நத்தை என்பாரும் உண்டு. அவ்வழக்கு இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஊரியைப் போட்டுச் சொதி வைத்த அடுக்களை எதுவும் இக்கட்டுரையாளரின் கண்ணில் படவில்லை.)

யாழுக்கு ஒரு நூல் கிடைத்த நாட்டில், தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதிக்கு ஒரு கட்டுரையாவது கிடைக்க வேண்டும் என்ற நியாயத்தின்பேரில் இது எழுதப்படுகிறது.

எல்லையும் முறையும்

ஆய்வுக் களம், ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு, பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு வாய் திறக்கும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடப்பது எழுவான்கரை: மணல், தென்னை, கடல்மீன், நெருக்கமான ஊர்கள். வாவிக்கு மேற்கே விரிவது படுவான்கரை: வயல், குளம், எருமை, கொக்கட்டிச்சோலைத் தேர். ஒரு கரையில் தேங்காய் உண்டு, நெல் குறைவு. மறு கரையில் நெல் உண்டு, கடல் இல்லை. இரண்டையும் ஒரே கோப்பையில் சேர்க்கும் வரை இரு கரையாருக்கும் பசி முழுதாகத் தீர்வதில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்தத் துறையில் மனிதரும் நெல்மூட்டையும் தயிர்ச்சட்டியும் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறித்தான் அக்கரை கண்டார்கள். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் போவோர் பாதையை அறிவார்கள். அதில் நின்றபடி எதிர்க்கரையைப் பார்ப்பவர் மனதில் ஓடுவது பெரும்பாலும் தத்துவம் அல்ல, பகல் சாப்பாடு.

தரவு சேகரிப்பில் ஒரு முறையியல் இடர் உண்டு, மறைப்பது அறமாகாது. எந்த ஆய்வுக்கும் கட்டுப்பாட்டுக் குழு ஒன்று வேண்டும். இங்கே அது, சொதி கொடுக்கப்படாத ஒரு கூட்டமாக இருக்க வேண்டும். மட்டக்களப்பில் அப்படி ஒரு கூட்டத்தைத் திரட்ட வழியில்லை. உச்சிப் பொழுதில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்தவர் சாப்பிடாமல் திரும்பலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது, அந்த வீட்டுப் பெண்கள் அனுமதிப்பதில்லை. மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளி மாவட்டத்தார் அரைப் பயத்தோடு சொல்வதுண்டு. அதற்கு மந்திரம், மருந்து என்று விளக்கம் தருவோர் பலர். இக்கட்டுரையின் துணைக் கருதுகோள் எளிமையானது: ஒட்டும் பொருள் தேங்காய்ப்பால்.

களத்தில் பதிவான உரையாடலின் மாதிரி ஒன்று:

"போதும் மாமி."

"என்ன மனே போதும்? சோறு காஞ்சி கிடக்கு. இன்னும் ரெண்டு அகப்பை விடுறன்."

இரண்டாவது கூற்று முதலாவதற்கு விடை அல்ல என்பதை மொழியியலாளர் கவனிக்க வேண்டும். மறுப்பைக் கேட்பதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. வாக்கியம் முடிவதற்குள் சொதியும் விழுந்துவிட்டது. இதனால் எமது மாதிரிகள் அனைத்திலும் அளவுக்கு மீறிய திருப்தி என்ற சார்புப் பிழை உண்டு. உண்டவர் நித்திரையாகிவிடுவதால் இரண்டாம் கட்ட நேர்காணல்களும் தடைப்பட்டன.

சட்டிக்குள் நடப்பது

சொதி எளிய பண்டம் என்பது அதை வைக்காதவர்களின் கருத்து. தேங்காயைத் திருவி முதற்பாலைப் பிழிந்து ஒரு பக்கம் வைக்க வேண்டும். அதே தேங்காய்ப்பூவில் தண்ணீர் விட்டுப் பிழிந்த இரண்டாம் பாலில் வெங்காயம், கீறின பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், விரல் நுனி மஞ்சள், உப்பு எல்லாம் சேர்ந்து வேகும். மீனோ வாவி இறாலோ போடுவதானால் இந்தக் கட்டத்தில். வெங்காயம் கண்ணாடியாகி, இறால் சுருண்டு சிவந்ததும், நெருப்பைத் தணித்து முதற்பாலை விடுவார்கள். இதுவரை நடந்தது சமையல். இனி நடப்பது பதற்றம்.

முதற்பால் என்பது நீரில் எண்ணெய்த் துளிகள் சமாதானமாக மிதக்கும் ஒரு கூட்டணி. அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பிரிந்துவிடாமல் தடுத்து நிற்பது புரதம். வெப்பம் 80 பாகை அளவுக்கு ஏறினால் புரதம் திரளத் தொடங்கும். புளிப்புச் சேர்ந்தால் இன்னும் விரைவாகத் திரளும். கூட்டணி உடையும். எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே, நடுவே வெள்ளைத் திப்பி. "திரைஞ்சி போச்சு" என்ற இரண்டு சொற்களில் அந்த வீட்டின் பகற்பொழுது முழுவதும் இருண்டுவிடும். ஆகவே முதற்பால் விட்ட கணத்திலிருந்து அகப்பை ஓயக் கூடாது. அள்ளி, உயர்த்தி, ஊற்றி, மீண்டும் அள்ளி, சட்டியின் ஓரத்தில் சிறு நுரை கட்டும் வரை கண் எடுக்காமல் நிற்க வேண்டும். நுரை வந்ததும் சட்டி இறங்க வேண்டும். இறங்கி, கொதி அடங்கிய பிறகுதான் தேசிக்காய்.

புரத வேதியியல் பாடநூல்கள் பக்கக் கணக்கில் சொல்லும் இதை வாவிக்கரை அம்மம்மாக்கள் ஒரே கட்டளையில் அடக்கியிருக்கிறார்கள்: "அடுப்பில வைச்சுப் புளி விடாத புள்ள." வெப்பமானி அவர்களிடம் இல்லை. நுரையைப் பார்க்கும் கண் உண்டு. அந்தக் கணத்தில் யாராவது வாசலில் கூப்பிட்டால், கூப்பிட்டவர் கச்சேரியிலிருந்து வந்த உத்தியோகத்தராக இருந்தாலும், நிற்கத்தான் வேண்டும்.

காலக் கணிப்பு பற்றிச் சிறு குறிப்பு. சொதியைச் சங்க காலத்துக்குக் கொண்டுபோகும் முயற்சி எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் கொச்சிக்காய் என்னும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் கப்பல்கள் 1505இல் இலங்கைக் கரையைத் தொட்டதற்கு முன் இங்கே எந்தச் சட்டியிலும் அது கிடந்திருக்க முடியாது. மட்டக்களப்பில் அவர்கள் கோட்டை கட்டியது 1628இல், ஒல்லாந்தர் அதைப் பறித்தது 1638இல். பத்தே ஆண்டுகளில் கோட்டை கைமாறியது. கொச்சிக்காய் இன்னும் யாரிடமும் கைமாறவில்லை. அதற்கு முந்திய சொதிக்கு மிளகுதான் உறைப்புக் கொடுத்திருக்க வேண்டும். காய்ச்சல்காரருக்கு இன்றும் மிளகு தட்டிப் போட்டு வைக்கும் சொதியில் அந்தப் பழைய உருவத்தின் எச்சத்தைக் காணலாம் என்பது இக்கட்டுரையாளரின் ஊகம். இந்த ஊகத்தைக் கொஞ்சம் காய்ச்சலோடு சோதித்துப் பார்ப்பது நல்லது.

நாக்கின் இடப்பெயர்வு

இனி மூலக் கேள்வி. தேங்காய் ஒன்று, வெந்தயம் ஒன்று, உப்பும் ஒன்றுதான். கல்லடியிலும் களுவாஞ்சிகுடியிலும் செய்முறை ஏறக்குறைய ஒன்றே. அப்படியிருந்தும் ஒரு மனிதனின் நெஞ்சை ஆற்றும் சொதி, வீடு வீடாகக் கிடைப்பதில்லை. ஏதோ ஒரு வீட்டில் மட்டும் கிடைக்கிறது. அது எந்த வீடு, ஏன் அந்த வீடு?

விடை அடுக்களையில் இல்லை, உறுதிப் பத்திரத்தில் இருக்கிறது. இப்பகுதியில் குடி தாய் வழியே வருகிறது. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்கிறார். தமிழரிடமும், காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்களிடமும் பெண் வீட்டில் குடியிருப்பது பொதுவான வழக்கம். கிறிஸ்தோபர் பிரிற்றோ 1876இல் முக்குவர் சமூகத்தின் சொத்துரிமைச் சட்டத்தை நூலாக்கினார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து 2008இல் தடித்த நூல் ஒன்றை வெளியிட்டார். சொத்து எப்படித் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது என்பதை இவர்கள் துலக்கியிருக்கிறார்கள். சொத்தை அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று சட்டத்தரணிகள் பிரிப்பார்கள். சொதி இரண்டிலும் அடங்காது. அதை அசையா ருசி என்று வகுக்கலாம்.

அடுப்பு அசைவதில்லை. அம்மியும் திருவலையும் உப்புப் பானையும் நின்ற இடத்தில் நின்றபடியே தாயின் கையிலிருந்து மகளின் கைக்கு வருகின்றன. வெந்தயம் எத்தனை விரல் அள்ளுவது, முதற்பாலை எத்தனை கொதிக்குப் பிறகு விடுவது என்பதெல்லாம் எழுதாமல் அந்த வளவுக்குள்ளேயே சுற்றி வருகிறது. இடம் பெயர்வது ஆணின் நாக்கு மட்டுமே. அது ஒரு வளவில் பழகி, இன்னொரு வளவில் ஆயுள் முழுக்கச் சாப்பிட விதிக்கப்பட்டது.

திருநெல்வேலிச் சைவ வேளாளர் கலியாணங்களில் மறுநாள் மாப்பிள்ளைச் சொதி வைக்கும் வழக்கம் உண்டு. பாசிப்பருப்பும் காய்கறியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, இஞ்சித் துவையலோடு பரிமாறுவார்கள். இலங்கையிலிருந்து அங்கே போன பண்டம் என்று அவர்களே சொல்கிறார்கள். பண்டம் போனது, தண்டனைக் காலம் கூடப் போகவில்லை. நெல்லை மருமகன் பெண் வீட்டுச் சொதியை ஒரு நாள் விருந்தாக உண்டு தன் வீட்டுக்குப் பெண்ணை அழைத்துப் போய்விடுகிறான். மட்டக்களப்பு மருமகனுக்கு அது நாள்தோறும் உண்டு.

இதன் விளைவுகள் கண்கூடு. கலியாணமான ஆண்பிள்ளை, காரணம் எதுவுமில்லாமல், பகல் வேளையில் தாய் வீட்டுக்கு வருவான். "சும்மா வந்தனான் அம்மா" என்பான். அம்மா கேட்பாள், "அங்க என்ன கறி?" "மீன் சொதி." "புளி காணுமா?" அவன் பதில் சொல்ல மாட்டான். அந்த மௌனத்தை இவ்வாய்வின் முதன்மைத் தரவாகக் கொள்க. அம்மாவும் மேலும் கேட்காமல் கோப்பையைக் கழுவத் தொடங்குவாள். காத்தான்குடியில் இதே காட்சியில் அம்மா உம்மாவாகவும் சொதி பாலாணமாகவும் மாறும். மௌனம் மாறாது.

ஆனால் நாக்கு நன்றி கெட்ட உறுப்பு. ஆண்டுகள் போகப் போக மனைவியின் வெந்தயம் அதற்குப் பழகும். பிள்ளைகள் அந்தச் சொதியில் வளர்ந்து, அதையே சொதி என்று நம்புவார்கள். ஒருநாள் அவன் தாய் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், யோசியாமல், "கொஞ்சம் தண்ணியா இருக்கு" என்று சொல்லிவிடுவான். தாய் ஒன்றும் சொல்ல மாட்டாள். சம்பந்தியிடம் அவள் பேசும் முறை அன்றிலிருந்து மாறும். மட்டக்களப்புக் குடும்ப வரலாற்றைக் காலப் பகுதிகளாகப் பிரிக்க விரும்புவோர் இந்த வாக்கியத்தை எல்லைக் கல்லாகக் கொள்ளலாம்.

மறுதரப்பு

படுவான்கரை அறிஞர்கள் இந்த ஆய்வின் தலைப்பையே ஏற்பதில்லை. ஆறுதல் தரும் உணவு தயிரே என்பது அவர்கள் வாதம். கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிரைச் சட்டியிலிருந்து வெட்டி எடுத்து, சோற்றோடு வாழைப்பழம் பிசைந்து தின்றவனுக்குச் சொதி எதற்கு என்று கேட்கிறார்கள். கேள்வி கனமானது. பால் திரைந்துதான் தயிராகிறது, ஆகவே அதில் பதற்றமே இல்லை என்பதும் அவர்களின் வலுவான வாதம். எமது மறுமொழி: பதற்றமின்றிக் கிடைக்கும் ஆறுதல் சோம்பலுக்கு அடுத்த வீடு. மேலும் காய்ச்சல்காரருக்கு யாரும் தயிர் கொடுப்பதில்லை. இந்த இடத்தில் அவர்கள் எப்போதும் பேச்சை மாற்றி, முருங்கையிலைச் சுண்டலுக்குப் போய்விடுகிறார்கள்.

சொதிக்கு வந்த சோதனைகளில் தயிர் மிகச் சிறியது. 1978 நவம்பரில் அடித்த சூறாவளி இக்கரையின் தென்னைகளை வேரோடு சாய்த்தது. நட்ட கன்று காய்க்க ஆண்டுகள் பிடிக்கும். 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் தேங்காய்த் தட்டுப்பாட்டில் ஒரு தேங்காயின் விலை 200 ரூபாயளவுக்கு ஏறியபோது, பல வீடுகளில் முதற்பாலும் இரண்டாம் பாலும் மூன்றாம் பாலாகின. தேங்காய்ப்பூவை மூன்றாம் முறை பிழியும்போது வருவது பால் அல்ல, நம்பிக்கை. பைக்கற்றில் வரும் பால்மாவைக் கரைத்து ஊற்றியவர்களை இவ்வாய்வு கண்டிக்காது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் தகரப் பால் உடைத்து ஊற்றும் புலம்பெயர்ந்த மட்டக்களப்பார் விடயத்தில் மட்டும் ஒரு சொல்: திரையாமல் இருக்கப் பசைப்பொருள் சேர்த்த பால் அது. எவ்வளவு கொதித்தாலும் இலகுவில் பிரியாது. திரைந்துவிடுமோ என்ற பயம் போனால் அகப்பை ஓய்கிறது. அகப்பை ஓய்ந்தால் அடுப்பருகே நின்றவர் கைத்தொலைபேசியை எடுக்கிறார். அந்தச் சொதி குற்றமில்லாதது, ஆனால் அதை யாரும் காவல் காக்கவில்லை என்று நாக்குக்குத் தெரிந்துவிடுகிறது.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மொழிக்கும் விவசாயத்துக்கும் மருத்துவத்துக்கும் இடம் கொடுத்த அந்தப் பல்கலைக்கழகத்தில் சொதிக்கும் ஓர் ஆராய்ச்சி அடுப்பு வேண்டும் என்று இக்கட்டுரை பணிவோடு கேட்டுக்கொள்கிறது. கலாநிதிப் பட்டத்துக்கான நேர்முகத் தேர்வை இரு கரையிலிருந்தும் ஒவ்வொரு மாமி நடத்த வேண்டும். மாணவரின் தாயார் பரிசோதகர் குழுவில் இருத்தல் ஆகாது.

இந்த முடிவுகளை மறுக்க விரும்பும் வாசகர்கள் கடிதம் எழுத வேண்டாம். மறுப்பைச் சட்டியில் வைத்து, மூடி, பகல் ஒரு மணிக்கு முன் கொண்டு வரவும். சோறு எங்களிடம் இருக்கிறது. தேசிக்காய் மட்டும் பிழியாமல் வாருங்கள்.